முந்நூறு அடி பாக்கி

உட்காருங்கள், உட்காருங்கள். இந்தத் தூண் ஓரமாக உட்கார்ந்தால் காற்று வரும். எனக்காகச் சொல்லவில்லை, உங்களுக்காகத்தான். நீங்கள் மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் நானும் உட்கார்ந்தேன். எனக்கு இந்தப் படியெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பிப்ரவரியிலிருந்து வாரத்துக்கு ஐந்து நாள் ஏறியிருக்கிறேன், முதுகில் ஐந்து கிலோ அரிசியோடு. ஆமாம், அரிசிதான். வேண்டுதல் எதுவும் இல்லை. பயிற்சி.

கரூரா? தனியாகவா வந்தீர்கள்? நல்லது. கூட்டமாக வந்தால் ஒரு படி ஏறுவதற்குள் நாலு பேர் நாலு பேச்சுப் பேசுவார்கள். கூட்டம் என்றால் என்ன என்று இந்த ஆறு மாதத்தில் எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்த மலைக்கோட்டையில் யாருக்கும் தெரிந்திருக்காது.

மணி என்ன? ஒன்பதேகாலா? சரி. பத்து மணிக்கு நான் உச்சியில் இருக்க வேண்டும். ஏனென்றால் பத்து மணிக்கு மூன்று பேர் இமயமலையில் ஒரு கணவாயில் நிற்க வேண்டும். உத்தரகாசிக்கு மேலே. பேர் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. பன்னிரண்டாயிரத்து எண்ணூறு அடி. பாதை நான் போட்டது, முகாம் நான் குறித்தது, பத்து மணி என்பதும் நான் எழுதியது. நடப்பது மட்டும் அவர்கள். சரி, நாமும் அந்த நேரத்துக்கு நம்மால் ஆன உயரத்தில் நிற்போமே என்று வந்தேன். இந்தப் பாறை இருநூற்று எழுபத்து மூன்று அடி. சிரிக்காதீர்கள். உயரம் உயரம்தான்.

அவர்கள் போய்ச் சேர்வார்களா என்று கேட்டால், சேர மாட்டார்கள். நான் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டே கொடுத்திருக்கிறேன்.

என் பேர் அம்சவேணி. நில அளவை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வரைவாளராக இருந்தேன். சர்வேயர்கள் வெயிலில் சங்கிலி இழுத்து அளந்து கொண்டுவந்து போடுவார்கள். நான் உட்கார்ந்து புலப்படம் வரைவேன். லால்குடி தாலுகாவில் எந்தக் கிணறு எந்த வரப்பிலிருந்து எத்தனை மீட்டர் என்று என்னைக் கேட்டால் போதும். அந்த ஊர்களுக்கு நான் போனதே இல்லை. போக வேண்டிய அவசியம் வரவில்லை. படம் சரியாக இருந்தால் ஊர் எதற்கு?

என் மேஜைக்கு எதிர்ச் சுவரில் ஒரு பெரிய இந்தியப் படம் மாட்டியிருந்தது. கழுத்து வலித்து நிமிர்ந்தால் அதன் தலைப்பகுதிதான் கண்ணில் படும். பழுப்பு, அதற்குமேல் கரும்பழுப்பு, அதற்கும்மேல் வெள்ளை. ஒரு நாளைக்கு நாற்பது தடவை நிமிர்ந்திருப்பேன். அதை விடுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு காலையில் மைதானத்தில் நடக்கப் போனேன். அங்கே பிடித்தது சனி. மூன்று பேர்.

ஒருவர் செபஸ்தியான். பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். ஒரு நாளைக்கு மொத்தம் ஆறு வார்த்தை பேசுவார், அதில் மூன்று 'ஆமாங்க மேடம்'. அடுத்தவர் ரங்கமணி. பெரிய கடைவீதியில் கைலியும் துண்டும் விற்கிறார். எதைச் சொன்னாலும் தொட்டுப் பார்ப்பார். இமயமலையைக்கூடப் படத்தில் தடவிப் பார்த்து, "நல்ல கனமா இருக்கும் போலிருக்கே மேடம்" என்றார். மூன்றாவது பூங்கோதை.

பூங்கோதைக்கு ஆண்டார் வீதியில் ஒரு மெஸ். ஐம்பத்தேழு வயது, முட்டியில் ஒரு கட்டு, வாயில் எந்நேரமும் ஒரு சிரிப்பு. எட்டாவது வரை படிப்பு. என்னை அக்கா என்பாள். நான் சொல்லச் சொன்னதில்லை. அவளாகவே ஆரம்பித்துவிட்டாள்.

ஜனவரியில் ஒரு நாள் நடந்து முடித்துக் கல்பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது சொன்னாள்: "முப்பது வருஷமா அடுப்பையே பாத்துட்டேன்க்கா. ஒரு தடவை பனியப் பாக்கணும்."

"ஃப்ரிட்ஜத் திறந்து பாரு" என்றேன்.

அவள் சிரித்தாள். அவளைத் திட்டினால் அதுதான் தொந்தரவு, சிரித்துவிடுவாள். ஆனால் ரங்கமணி பிடித்துக்கொண்டார். மணாலிக்கு டூர் இருக்கிறதாம், அங்கே கோட்டு வாடகைக்குக் கொடுப்பார்களாம், டயரில் உட்கார்ந்து பனியில் சறுக்கலாமாம். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இமயமலையை டயரில் உட்கார்ந்தா பார்ப்பார்கள்? அதனால்தான் நான் தலையைக் கொடுத்தேன். "போறதா இருந்தா நடந்து போகணும். ஒழுங்கா, முறையா. இல்லைன்னா பேசாதீங்க" என்றேன். என் ஆசைக்காக இல்லை. அவர்கள் மானத்தைக் காப்பாற்ற.

ஞாயிறுதோறும் பதினொரு மணிக்கு மெஸ் மாடியில் கூட்டம். முதல் கூட்டத்துக்கு நான் பாதையின் வெட்டுத்தோற்றத்தை இந்தியன் இங்க்கில் வரைந்துகொண்டு போனேன். எங்கே எத்தனை அடி ஏற்றம், எங்கே இறக்கம், எங்கே ஆறு, எங்கே கூடாரம், எல்லாம். பதினோரு நாள் உட்கார்ந்து வரைந்தது. "ஏதாவது கேள்வி இருக்கா?" என்றேன்.

ரங்கமணி கையைத் தூக்கினார். "அங்க வெஸ்டர்ன் டாய்லெட் இருக்குமா மேடம்?"

பதினோரு நாள் வேலைக்கு வந்த முதல் கேள்வி.

உயரத்தில் மூச்சுக்காற்று குறையும், உடம்பு அதற்குப் பழக வேண்டும், அதனால் பகலில் மேலே ஏறி, மறுபடி கொஞ்சம் இறங்கித் தூங்க வேண்டும் என்று நாற்பது நிமிடம் விளக்கினேன். ரங்கமணி, "ஏறினதை எதுக்கு மேடம் இறங்கணும்? வேஸ்ட்டுதானே?" என்கிறார். செபஸ்தியான் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார், ஏதோ நட்டு கழன்றிருக்கிற மாதிரி. பூங்கோதை சொன்னாள்: "புளியோதரை மாதிரிங்க. கிளறின உடனே சாப்பிட்டா ஒட்டாது. கொஞ்ச நேரம் ஊற விட்டாத்தான் சேரும். நம்மளையும் அங்க ஊறவிடச் சொல்றாங்க அக்கா." உடனே இரண்டு பேருக்கும் முகம் தெளிந்துவிட்டது. "அப்படிச் சொல்லுங்க!" நாற்பது நிமிட விஞ்ஞானம் அங்கே புளியோதரையாகப் போயிற்று.

என் படத்தை நாலு நகல் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தேன். பூங்கோதை தன்னுடையதை லேமினேட் செய்துகொண்டு வந்தாள். மெஸ் மெனு கார்டு மாதிரி. "சாம்பார் பட்டாலும் தொடச்சுக்கலாம்க்கா." இமயமலையில் சாம்பார் எங்கிருந்து படும் என்று கேட்டேன். பொடியாகக் கொண்டுபோகிறாளாம்.

அந்த மெஸ்ஸில் இன்னொரு கூத்து உண்டு. மதியம் மூன்று மணிக்கு எல்லாம் முடிந்து அடுப்பை அணைத்த பிறகும் ஒரு தூக்கில் சோறும் குழம்பும் எடுத்து மூடி வைத்திருப்பாள். "யாருக்கு?" என்று கேட்டேன். "யாராவது லேட்டா வருவாங்கக்கா." "யாரு?" "தெரியாதுக்கா. வருவாங்க." பெயர் தெரியாது, வருவாரா தெரியாது, அவருக்கு ஒரு தூக்கு. என் அலுவலகத்தில் யாராவது இப்படி ஒரு நிலத்தை எடுத்து வைத்தால் வேலை போய்விடும். இதற்குப் பேர் நல்ல மனசு என்று ஊர் சொல்கிறது. நான் அளவு தெரியாமை என்கிறேன்.

போவோமா? கொஞ்சம் ஏறலாம். மெதுவாக வாருங்கள், அவசரமில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பிடித்துக்கொள்வது உங்களுக்கு வழி காட்டத்தான்.

இந்தப் படியை ஏறிப் பயிற்சி எடுக்கலாம் என்ற யோசனை என்னுடையது. திருச்சியில் வேறு எங்கே ஏற்றம் இருக்கிறது? விடிந்து கோயில் திறந்ததும் நாங்கள் கீழே நிற்போம். முதல் வாரம் இரண்டு கிலோ அரிசி, அடுத்த வாரம் மூன்று, அப்புறம் ஐந்து. செபஸ்தியான் சாமி கும்பிட மாட்டார், படியை மட்டும் ஏறி இறங்குவார். ரங்கமணி ஒவ்வொரு பிள்ளையாரிடமும் நிற்பார். அது பக்தி இல்லை, இளைப்பு.

பூட்ஸ் வாங்கியிருந்தோம். நாலு பேருக்கும் ஒரே மாதிரி, கணுக்காலுக்கு மேலே வரை வரும். டேராடூனிலிருந்து எங்களைக் கூட்டிப்போகும் கம்பெனி ஒரு தாள் அனுப்பியிருந்தது. அதில் ஏழாவது விதி, புறப்படும் முன் ஒரு மாதமாவது பூட்ஸைப் போட்டு நடந்து பழக வேண்டும் என்று. முதல் நாள் நாலு பேரும் பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் வந்தோம். வந்து? கோயில் இல்லையா இது? கீழே கழற்றி ஸ்டாண்டில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு வெறுங்காலோடு ஏறினோம். வீட்டிலிருந்து இங்கே ஐந்து நிமிட நடை. அந்த ஐந்து நிமிடத்துக்காக அந்தக் கயிற்றையெல்லாம் கட்டி அவிழ்ப்பானேன்? மறுநாளிலிருந்து செருப்பு போதும் என்று நான்தான் சொன்னேன். பூட்ஸை எடுத்து அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டேன்.

பூங்கோதை கேட்டாள். "அக்கா, தெனமும் வெறுங்காலோட ஏறுனா பூட்ஸு எப்பக்கா பழகும்?"

"பழக வேண்டியது நுரையீரல். தோல் இல்ல" என்றேன்.

நல்ல பதில். இப்போது சொல்லிப் பார்த்தாலும் நல்ல பதில்தான்.

அதோடு விட்டாளா? மெஸ்ஸில் பூட்ஸ் போட ஆரம்பித்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலில் பூட்ஸ், கையில் சாம்பார் வாளி. சாப்பிட வந்தவர்களெல்லாம், "இன்ஸ்பெக்டரம்மா, இன்னும் ரெண்டு கரண்டி" என்று கேலி செய்தார்கள். அவளும் சல்யூட் அடித்துவிட்டு ஊற்றினாள். எனக்கு அந்தத் தெருவில் நடக்கவே வெட்கமாக இருந்தது. செபஸ்தியான் பூட்ஸோடு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனார். ரங்கமணி கடை கோடவுனில் போட்டுக்கொண்டு ஏணி ஏறினார். யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானாகத்தான் தெரிந்துகொண்டேன். திட்டத்தில் இல்லாததைச் செய்தால் அதற்குப் பேர் என்ன? என்னுடைய பூட்ஸ் மட்டும்தான் கடைசி வரை புத்தம் புதிதாக இருந்தது. முன்னால் நிற்பவளுக்கு ஒரு ஒழுங்கு வேண்டாமா?

இங்கே உட்காரலாம். உங்கள் முகம் வேர்த்திருக்கிறது. தண்ணீர் குடியுங்கள். நானும் ஒரு வாய் குடிக்கிறேன், உங்களுக்குத் துணையாக.

ஏப்ரல் மூன்றாவது ஞாயிறு. கம்பெனி ஒரு பரீட்சை வைத்தது. ஐந்து கிலோமீட்டரை ஐம்பது நிமிடத்தில் நடக்க வேண்டும், பூட்ஸ் போட்டு, பை மாட்டி. அதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். மைதானத்தில் பன்னிரண்டரைச் சுற்று. ரங்கமணியின் மகன் மொபைலைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

நான்தான் முதலில் போனேன். மூன்றாவது சுற்றில் குதிகாலில் ஏதோ உறுத்தியது. உறுத்தட்டும் என்று விட்டேன். ஐந்தாவது சுற்றில் எரிந்தது. எட்டில் மரத்துப்போனது. மரத்துப்போனால் நல்லதுதானே? பதினோரு சுற்று முடித்துவிட்டேன், கேளுங்கள், இன்னும் ஒன்றரைச் சுற்றுதான். பின்னால் வந்தவள் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"அக்கா, ரத்தம்."

"கைய விடு."

"சாக்ஸ்ல ஊறி பூட்ஸுக்கு மேல வந்திருக்குக்கா. உக்காருங்க."

"விடுன்னா விடு. ஒன்றரைச் சுத்துதான் பாக்கி."

விடவில்லை. சாம்பார் வாளி தூக்கிய கை, இரும்பு மாதிரி. தரையில் உட்கார்ந்து என் காலை மடியில் வைத்துப் பூட்ஸைக் கழற்றினாள். அத்தனை பேர் பார்க்க. அவளுடைய பரீட்சையும் அதோடு போயிற்று. மறுநாள் திரும்ப நடந்தாள். நான் நடக்கச் சொன்னேனா? அந்த ஒன்றரைச் சுற்றை மட்டும் அவள் விட்டிருந்தால் இன்றைக்கு நான் இங்கே உட்கார்ந்து கரூர்க்காரரிடம் கதை சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

பூட்ஸ் மோசம் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு வந்ததெல்லாம் நல்லது, எனக்கு வந்தது மட்டும் கடினத் தோல்.

அப்புறம் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அந்த டாக்டருக்கு இன்னும் மீசையே சரியாக முளைக்கவில்லை. காலைப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், "எத்தனை வருஷமாம்மா சுகர்?" என்றார். பூங்கோதையை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டிருக்கலாம். ஒரு நாகரிகம் வேண்டாம்? கொஞ்சம் சர்க்கரை இருக்கிறது. யாருக்கு இல்லை? கம்பெனி அனுப்பிய படிவத்தில் அந்தக் கேள்விக்கு நேரே 'இல்லை' என்று போட்டிருந்தேன். எனக்குத் தெரிந்த நாள் முதல் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என்ன செய்வார்கள்? பாயசம் கொடுக்கும்போது என்னைத் தாண்டிப் போவார்கள். அவ்வளவுதான்.

"அந்த உசரத்துல, அந்தக் குளிர்ல இந்தப் புண்ணு பெருசாச்சுன்னா காலையே எடுக்கணும்மா. மலையேறலாம்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் மீசை முளைக்காதவர்.

ஆறு மாதத் திட்டம். முப்பத்தொரு வருடச் சுவர். ஒரு பேனா முனையில் முடிந்துபோயிற்று.

அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு நான் போகவில்லை. மூன்று பேரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பூங்கோதை கையில் பாகற்காய். வந்ததும் வராததுமாக, "அக்கா, அக்டோபருக்கு மாத்திக்கலாம். கம்பெனில கேட்டுட்டேன். அதுக்குள்ள காலு ஆறிடும், சுகரையும் கொறச்சுடலாம். நாலு பேரும் சேந்தே போவோம்" என்றாள். ரங்கமணி தலையாட்டினார். செபஸ்தியான், "ஆமாங்க மேடம்" என்றார்.

என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்னை? நான் என்ன, வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்ள வேண்டிய ஆளா? "உங்க இரக்கம் எனக்கு வேண்டாம். டிக்கெட் போட்டாச்சு, போங்க. நான் இல்லாம நீங்க எவ்வளவு தூரம் போறீங்கன்னு பாக்கத்தானே போறேன்" என்றேன். அப்படியே ஒரு தாளை எடுத்து எழுதினேன். ரங்கமணி முதல் முகாமிலிருந்து திரும்புவார். செபஸ்தியான் இரண்டாவது முகாமிலிருந்து. பூங்கோதை மூன்றாவது. கணவாயை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். கீழே கையெழுத்து, தேதி. பூங்கோதை வாங்கிப் படித்தாள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். படித்துவிட்டு, "எனக்குத்தான்க்கா ஜாஸ்தி தூரம் கொடுத்திருக்கீங்க" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை என்ன செய்வது, சொல்லுங்கள்.

போனார்கள். முதல் முகாமிலிருந்து ரங்கமணி போனில் குரலைப் பதிந்து அனுப்பியிருந்தார். டாய்லெட் இல்லையாம், குழி வெட்டி, சுற்றித் துணி கட்டியிருக்கிறார்களாம். "ஆனா காத்தோட்டமா இருக்கு மேடம், எதிர்ல மலை தெரியுது, எழுந்து வரவே மனசில்ல." அந்த ஆள் திரும்புவார் என்று நான் எழுதியிருந்தேன். இரண்டாவது முகாமிலிருந்து பூங்கோதை. செபஸ்தியான் சார் அங்கே பேச ஆரம்பித்துவிட்டாராம், நிறுத்தவே முடியவில்லையாம். வழிகாட்டி பல்வந்த் என்று ஒருவன், அவனுக்கு இவள் பருப்புப்பொடி போட்டுச் சோறு பிசைந்து கொடுத்தாளாம். மெஸ்ஸுக்கு வரும் வடக்கத்தி ஆட்களிடம் பொறுக்கிய இந்தியில் அவனோடு குடும்பக் கதை பேசுகிறாள். என் படத்தைக் காட்டினாளாம். "சரியா இருக்காம்க்கா. ஒரு ஓடை மட்டும் எடம் மாறி இருக்காம்." பல்வந்துக்கு என்ன தெரியும்? ஓடை இடம் மாறியிருக்கும், என் படம் மாறாது.

அதற்கப்புறம் இரண்டு நாளாகச் சத்தமில்லை. இரண்டாவது முகாமுக்கு மேலே டவர் கிடையாது. கணவாய்க்குக் கீழே முகட்டில் மட்டும் சில நேரம் கிடைக்கும் என்று சொன்னார்கள். இன்றைக்கு விடியுமுன் கிளம்பியிருக்க வேண்டும். இந்நேரம்…

இருங்கள். என்னுடையதுதான் அடிக்கிறது. கண்ணாடி எங்கே? அந்தப் பையின் முன் ஜிப், ஆமாம், அதுதான். எடுங்கள், எடுங்கள், நின்றுவிடப்போகிறது.

ஹலோ? ஹலோ… யாரு? பூங்கோதையா? கத்தாதே, கேக்குது. காத்துச் சத்தம்… எங்க நிக்கிற? … முகட்டுலயா? மூணு பேருமா? ரங்கமணிக்குத் தலைவலி இருக்கா? வாந்தி? … இல்லையா? நெஜமாவா? சரி. அப்ப ஏன் நிக்கிறீங்க? மணி ஒன்பதே முக்கால். நான் எழுதிக் கொடுத்தது என்ன, பத்து மணிக்கு… என்னது? … திரும்பச் சொல்லு. … ஏய். என்ன பேச்சு இது? … வாயை மூடு. எதுக்கு? யாரைக் கேட்டு? … அதெல்லாம் முடியாது. ஏறு. ஏறித் தொலை. இமயமலை என்ன உன் மெஸ் தூக்கா, மூடி வைக்கிறதுக்கு? செபஸ்தியான்கிட்ட குடு. … என்ன ஆமாங்க மேடம்! நீங்களாவது… ஹலோ? ஹலோ… பூங்கோத…

போயிற்று.

ஒன்றுமில்லை. நன்றாகத்தான் இருக்கிறார்கள். மூன்று பேருக்கும் ஒரு தலைவலிகூட இல்லை. கணவாய் கண்ணுக்கெதிரே தெரிகிறதாம். கல்லைக் குவித்துக் கொடி கட்டியிருக்கிறார்களாம், அதுவும் தெரிகிறதாம். இன்னும் முந்நூறு அடி. "நம்ம மலைக்கோட்டை அளவுதான்க்கா பாக்கி" என்கிறாள். ஏறவில்லையாம். மூன்று பேரும் பேசி முடிவு செய்துவிட்டார்களாம். அந்த முந்நூறு அடியை அக்டோபரில் நாலு பேருமாக ஏறிக்கொள்வார்களாம். பல்வந்த் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம். இத்தனை வருடத்தில் உடம்புக்கு முடியாமல் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறான், இப்படித் திரும்பியவர்களைப் பார்த்ததில்லையாம். பார்த்திருக்க மாட்டான். திருச்சி மைதானத்தைத் தவிர வேறெங்கே விளையும் இந்த மாதிரி?

"ஒங்களுக்கு எடுத்து வச்சிட்டோம்க்கா." அதுதான் அவள் சொன்னது.

எடுத்து வைத்துவிட்டார்களாம். திமிரைப் பாருங்கள். பனியை, பாறையை, பன்னிரண்டாயிரத்து எண்ணூறு அடி உயரத்தை ஒரு தூக்கில் போட்டு மூடி எடுத்து வைத்திருக்கிறாள், லேட்டாக வருகிற ஆளுக்கு. நான் கேட்டேனா? நான்தான் போகச் சொன்னேனே, எழுதியே கொடுத்தேனே. கணவாயை ஒருவரும் பார்க்க மாட்டார்கள் என்று எழுதினேன். எழுதினபடியே ஆகிவிட்டது. அந்த வகையில் நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது.

இல்லை, கண்ணில் ஒன்றுமில்லை. இந்தத் தூணில் விபூதி தட்டித் தட்டி வைக்கிறார்கள், காற்றடித்தால் பறக்கிறது.

நீங்கள் எழுந்துவிட்டீர்களா? போங்கள், போங்கள். பத்தாகப்போகிறது. நான் வரவில்லை. இங்கிருந்து உச்சிக்கு நூற்று முப்பத்தெட்டுப் படி. இருக்கட்டும். அது எங்கேயும் போய்விடாது. அவள் சொன்னாளே என்பதற்காக என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அந்த மாதிரிப் பைத்தியக்காரத்தனமெல்லாம் கிடையாது. குதிகால் லேசாக இழுக்கிறது, அவ்வளவுதான். புண் எப்போதோ ஆறிவிட்டது. தோல்தான் இன்னும் புதுசு.

அந்தப் பையை மட்டும் கொஞ்சம் தூக்கித் தோளில் மாட்டிவிடுங்கள். கனமா? இல்லை, இன்றைக்கு இரண்டு கிலோதான். மறுபடி முதல் வாரத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.

நீங்கள் இறங்கி வரும்போது நான் இருக்க மாட்டேன். கீழே ஸ்டாண்டில் டோக்கன் இருபத்தேழு, என் பூட்ஸ் இருக்கிறது. ஆமாம், பூட்ஸ்தான். மூன்று வாரமாக அதைப் போட்டுக்கொண்டுதான் வருகிறேன், இரண்டு சாக்ஸ் போட்டு. நேரே வந்தால் ஐந்து நிமிடம்தானே, அதனால் தெப்பக்குளத்தைச் சுற்றிக்கொண்டு வருவேன். ஸ்டாண்டுக்காரம்மா தினமும் ஒரு மாதிரிதான் பார்க்கிறாள். எதற்கா? எதற்கும் இல்லை, சும்மா. தோல் சாமான், போடாமல் பெட்டியில் வைத்தால் வெடித்துப்போகும்.

போங்கள். உச்சிக்குப் போனதும் வடக்குப் பக்கம் வந்து நின்று பாருங்கள். காவிரி தெரியும், ஸ்ரீரங்கம் கோபுரம் தெரியும், அதற்குமேல் ஒன்றும் தெரியாது. இருந்தாலும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.